பீலித் தண்ணீரில் பெற்றோல்: அளந்து அறிந்த மூன்று ஆண்டுகள்

2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பணிய லயத்தில் (கீழ் வரிசை வீடுகளில்) வசிக்கும் என் பெரியம்மா தொலைபேசியில் அழைத்து, "பீலித் தண்ணி தின்னர் வாடை அடிக்குதுய்யா, சோறுகூட அப்படியே மணக்குது" என்றார். நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் சிறிய குழு ஒன்றில் களத் தொழில்நுட்பவியலாளராக நான் அப்போது பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருந்தேன். அப்படியிருந்தும் அந்த வாடைக்கு நான் சொன்ன முதற்காரணம் தவறாகவே இருந்தது. பீலிக்கு, அதாவது ஊற்று நீர் வந்து விழும் இடத்துக்கு, தண்ணீர் கொண்டுவரும் குழாயை லயத்து இளைஞர்கள் அண்மையில் மாற்றியிருந்தது எனக்குத் தெரியும், பி.வி.சி. குழாய்களை ஒட்டும் பசையில் கரைப்பான்கள் உண்டு, அவை சில நாட்களுக்கு மணக்கும், தண்ணீரை ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டேன். மூன்று வாரங்கள் கழித்து, வாடை குறையவில்லை, கூடியிருக்கிறது என்று அவர் மீண்டும் சொன்னபோதுதான், அந்தச் சரிவின் மேட்டில் பிரதான வீதியோரமாக நிற்கும் பெற்றோல் ஷெட் என் நினைவுக்கு வந்தது.

அந்த ஷெட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கு எழுதவில்லை. அதன் உரிமையாளர் தொடக்கத்தில் மறுத்தாலும், உண்மை தெரிந்த பின் செலவைப் பாராமல் செய்யவேண்டியதைச் செய்தவர். தவிர, இந்த நிலைமை அந்த ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. மலையகத்தின் சிறு நகரங்களிற் பல, வீதி மலைச்சரிவை வெட்டிச் செல்லும் இடங்களில் எழுந்தவை. கடைகளும் ஷெட்டும் மேட்டில் இருக்க, அவற்றுக்குக் கீழே தேயிலை மலையும், அதற்கும் கீழே லயங்களும், லயத்தாருக்குத் தண்ணீர் தரும் ஊற்றுகளும், கடைசியில் கொத்மலை ஓயாவை நோக்கி இறங்கும் சிற்றாறும் அமைந்திருக்கும். மேட்டில் நிலத்துக்குள் ஒழுகும் எதுவும் கீழே வாழ்பவரின் குடத்தை வந்தடையக்கூடிய வரிசை இது.

பெற்றோல் தண்ணீரைவிட இலேசானது. நிலத்தடித் தொட்டியிலிருந்தோ குழாயிலிருந்தோ ஒழுகினால், அது மண்ணின் நுண்துளைகள் வழியாகக் கீழிறங்கி, போகும் வழியெல்லாம் தன்னில் ஒரு பகுதியை மண்ணில் ஒட்டவிட்டு, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் மிதக்கும். மிதக்கும் அந்தப் படலத்திலிருந்து பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் ஆகியவை நீரில் கரைந்து, நீரோடு சேர்ந்து நகரும். இந்நான்கினுள் பென்சீனே மிகவும் அஞ்சத்தக்கது; அது மனிதருக்கு இரத்தப் புற்றுநோயை ஏற்படுத்தும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். நூற்றில் ஒரு பங்கு பென்சீன் உள்ள பெற்றோலில் ஒரு லீற்றரை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள பென்சீன் ஏறத்தாழ 8.8 கிராம், அது முழுவதும் சீராகக் கரையுமானால் எட்டு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை அந்த எல்லைவரை கொண்டுவந்துவிடும். இந்தக் கணக்கை நான் ஷெட் உரிமையாளருக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும், லயத்துத் தலைவருக்கும் தனித்தனியே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மூவரும் தாளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். தண்ணீரிலுள்ள பென்சீனை மூக்கு உணர்வதற்கு லீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் தேவைப்படும். அது வழிகாட்டு அளவைப் போல் ஆயிரம் மடங்கு. பெரியம்மாவின் மூக்குக்கு எட்டியது பென்சீனாக இருந்திருக்க முடியாது. மிகக் குறைந்த அளவிலேயே மணக்கும் எதைல்பென்சீனும் சைலீனும்தான் அவருக்குச் செய்தி சொல்லியிருக்கின்றன. எனவே வாடை அடித்தால் அதை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது. அதே வேளை, வாடை நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்றும் கொள்ளக்கூடாது.

இந்த மூன்று ஆண்டுகளில் என்னை மிகவும் அலைக்கழித்தவை பொய்யான முடிவுகள் அல்ல; உண்மையாகவும் ஒழுங்காகவும் செய்யப்பட்டு, "எதுவும் இல்லை" என்று வந்த முடிவுகள். அப்படிப்பட்டவை மூன்று. மூன்றையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே சிக்கலுக்குள் அகப்படும் மற்றவர்களின் கையிலும் முதலில் தரப்படுவது இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

முதலாவது, 2022 மார்ச்சில் வந்த நீர்ப் பரிசோதனை அறிக்கை. லயத்தாரின் முறைப்பாட்டை ஏற்றுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நேரில் வந்து, பீலியில் மாதிரி எடுத்து அனுப்பினார். அமிலத்தன்மை, கலங்கல், நைத்திரேற்று, கோலிபோம் பற்றீரியா எல்லாம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது. அறிக்கையில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பெற்றோலின் கூறுகள் எவையும் இல்லை. வழமையான குடிநீர்ப் பரிசோதனை மலக்கழிவையும் உரத்தையும் தேடுமே ஒழிய எரிபொருளைத் தேடாது. எரிபொருளைத் தேடும்படி எழுத்தில் கேட்கவேண்டும், அதற்கான கருவி உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். கேட்டிருந்தாலும் அந்த மாதிரி பயன்பட்டிராது என்பது வேறு விடயம்: பிளாஸ்ரிக் போத்தலில் முக்கால் அளவு நிரப்பி, வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோன தண்ணீரிலிருந்து ஆவியாகும் பொருள்களில் பெரும்பகுதி போத்தலின் காற்று வெளிக்குள் போயிருக்கும். அந்த அறிக்கை கையில் இருந்ததால், அடுத்த பல மாதங்களுக்கு லயத்தாரின் பேச்சை எவரும் கேட்கவில்லை.

அதன் பின் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. 2022 ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்ததும், அதற்கு முன்னும் பின்னும் வீதியோரங்களில் நாட்கணக்கில் வரிசைகள் நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாங்கள் பேசும் ஷெட்டின் பெற்றோல் தொட்டி அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தது. பீலியிலோ வாடை நிற்கவில்லை. "தொட்டியில ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, பீலியில மட்டும் எப்படி தம்பி வரும்?" என்று உரிமையாளர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமாகத் தோன்றியதால் ஊரிலும் பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். உண்மையில் அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தச் சிக்கலின் மையம். மாதக்கணக்கில் ஒழுகிய பெற்றோலை மண் பிடித்து வைத்திருக்கிறது. தொட்டி காலியானாலும் மண் காலியாவதில்லை. ஒவ்வொரு மழையும் மண்ணில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி ஊற்றுக்குக் கொண்டுவரும். கசிவை இன்று நிறுத்தினாலும் தண்ணீர் நாளை சுத்தமாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது "எதுவும் இல்லை", அதே ஆண்டு நவம்பரில் தொட்டியில் செய்த இரவுச் சோதனை. சுற்றாடல் அதிகாரிகள் கேட்டதற்கு இணங்க, உரிமையாளர் இரவு கடையை மூடியதும் அளவுகோலை விட்டுத் தொட்டியின் மட்டத்தை அளந்தார். கோலின் நுனியில் தண்ணீரைக் கண்டால் நிறம் மாறும் பசையைத் தடவி, அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தார். காலையில் திறக்கும் முன் மீண்டும் அளந்தபோது மட்டம் ஒரு மில்லிமீற்றர்கூட இறங்கவில்லை. மூன்று இரவுகள் இப்படி அளந்தோம், நானும் உடன் இருந்தேன். தொட்டியில் ஓட்டை இல்லை என்பது உறுதியாயிற்று. நானே ஒரு கணம் என் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

நாங்கள் கவனிக்கத் தவறியது பம்பி இருந்த இடத்தை. அந்த ஷெட்டில் பெற்றோல் பம்பி தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருந்து, வாகனத்துக்கு நிரப்பும்போது குழாயினூடாக எண்ணெயை அழுத்தித் தள்ளுகிற வகை. நிரப்பும் வேளையில் மட்டுமே குழாயில் முழு அழுத்தம் இருக்கும். குழாயின் மூட்டு ஒன்று இளகியிருந்தால் அது பகலில் நிரப்பும்போது கசியும், இரவில் பம்பி நின்றதும் கசிவு அடங்கிவிடும். இரவில் தொட்டியை அளந்து பகலில் குழாயில் நடப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய வகையில், பம்பி மேலே இருந்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் ஷெட்டுகளில் நிலைமை வேறு. அங்கே மூட்டு இளகினால் பெரும்பாலும் காற்று உள்ளே போகும், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடும். ஆகையால் ஒரு ஷெட்டைக் கண்காணிக்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டியது, அங்கே எண்ணெய் உறிஞ்சப்படுகிறதா, தள்ளப்படுகிறதா என்பதையே.

அப்படியானால் விற்பனைக் கணக்கில் குறைவு தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். தெரிந்தது, அதற்கு மலையகத்தில் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும், அதில் உண்மையும் இருக்கும். கொழும்பின் வெப்பத்தில் பவுசரில் ஏற்றிய பெற்றோல் மலைக்கு வந்து நிலத்தடித் தொட்டியில் குளிரும்போது சுருங்கும். 13,200 லீற்றர் பவுசர் ஒன்றின் எண்ணெய் 10 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 125 லீற்றர் குறையும். எனவே கணக்கில் விழும் துண்டை எல்லா முகாமையாளர்களும் குளிரின் தலையில் போட்டுவிடுவார்கள். சுருக்கத்தையும் கசிவையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சுருக்கம் பவுசர் இறக்கிய முதல் ஓரிரு நாட்களுக்குள் முடிந்துவிடும். கசிவு அடுத்த பவுசர் வரும்வரை நாள்தோறும், விற்பனை கூடிய நாளில் கூடியும் குறைந்த நாளில் குறைந்தும் நடக்கும். ஆகவே மாதக் கணக்கைப் பார்க்காமல் நாட்கணக்கை வரைபடமாக வரையவேண்டும். விற்பனை மீற்றர் கூடுதலாக ஊற்றினாலும் இதே தோற்றம் வரும் என்பதால், முத்திரையிட்ட அளவைக் கலனில் ஊற்றி மீற்றரையும் சரிபார்க்கவேண்டும். டீசலும் அதே வெயிலிலிருந்து அதே குளிருக்குத்தான் வருகிறது. பெற்றோல் ஆவியாவதைக் கழித்த பின்பும் டீசலின் குறைவைவிடப் பெற்றோலின் குறைவு பல மடங்கு என்றால், குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஷெட்டின் பழைய பதிவேடுகளை வைத்து நான் இதை வரைந்து பார்த்தது 2024இல். பதிவேடுகள் 2021 முதலே அங்கே அலுமாரியில் இருந்தன. அவற்றை முதல் நாளே கேட்காதது என் குறை, அதன் விலையை லயத்தார் கொடுத்தார்கள்.

கண்காணிப்புக் கிணறுகள் 2023 ஏப்பிரலில் தோண்டப்பட்டன. செலவை உரிமையாளர் ஏற்று எங்கள் குழுவையே அமர்த்தினார். என் பெரியம்மா அந்த லயத்தில் வசிக்கிறார் என்பதை நான் இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்து, மாதிரிகளின் இரட்டைப் பிரதியை வேறோர் ஆய்வுகூடத்துக்கும் அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இத்தகைய விடயங்களில் உறவை மறைத்தால், எடுத்த மாதிரி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் ஒரு நாள் அது செல்லாக்காசாகிவிடும்.

கிணறு என்றவுடன் இறங்கி நீர் எடுக்கும் கிணற்றை எண்ணவேண்டாம். இது கைப்பிடி அகலத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு குழாய். அதன் கீழ்ப்பகுதியில் மெல்லிய கீறல்கள் வெட்டப்பட்டிருக்கும், அவற்றைச் சுற்றிப் பருமணலும், அதற்கு மேலே மழைநீர் வழிந்து இறங்காதவாறு பெண்டோனைற்றுக் களிமண் அடைப்பும், வாயில் பூட்டிய மூடியும் இருக்கும். இதில் எல்லாவற்றிலும் முக்கியமானது கீறல்கள் தொடங்கும் உயரம். பெற்றோல் மிதக்கும் பொருள் ஆகையால், மழைக்காலத்து மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேலிருந்து கோடைக்காலத்து மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்குக் கீழ்வரை கீறல்கள் இருக்கவேண்டும். மலைச்சரிவில் இந்த இரண்டுக்கும் இடையே பல மீற்றர்கள் உண்டு. வேறோர் இடத்தில், குடிநீர்க்கிணறு தோண்டிப் பழகிய ஒருவர் மேற்பகுதி முழுவதும் கீறலற்ற குழாயை இறக்கியிருந்ததை நான் கண்டிருக்கிறேன்; மிதக்கும் எண்ணெய் அந்தக் குழாய்க்கு வெளியே நின்றுகொண்டிருக்க, உள்ளே தண்ணீர் தெளிவாக இருந்தது. குழாய்த் துண்டுகளைப் பசையால் ஒட்டாமல் மரையிட்டு முறுக்கிப் பொருத்தவேண்டும். நான் முதலில் சந்தேகித்த அதே பசையின் கரைப்பான்கள் அறிக்கையில் ஏறிவிடும். காற்றழுத்தத்தால் துளையிடும் இயந்திரம் என்றால் அழுத்தியின் எண்ணெய் துளைக்குள் போகாமல் வடிகட்டி போடச் சொல்லவேண்டும்.

நான்கு கிணறுகளில் முதல் மூன்றை ஷெட்டைச் சுற்றி முக்கோணமாக அமைத்தோம். மூன்றின் வாய்களையும் மட்டக்கருவியால் ஒப்பிட்டு, உள்ளே நீர்மட்டத்தை அளந்தால், மண்படையில் நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று கணக்கிடலாம். எங்கள் கணக்கு பீலியின் திசையைக் காட்டவில்லை. அதற்குப் பக்கத்தில், தேயிலைத் தொழிற்சாலைக் கானை நோக்கிய சரிவைக் காட்டியது. உரிமையாளருக்கு மீண்டும் நம்பிக்கை வந்தது. மலைநாட்டின் பாறை சார்னோக்கைற்றும் நைசும் போன்ற பழைய உருமாறிய பாறை. அதன் மேலே சிதைந்த மண் சில மீற்றர்களுக்கு ஒரு பஞ்சு போலக் கிடக்கிறது, கீழே உடைவுகளும் பிளவுகளும் வேறொரு வழியில் ஓடுகின்றன. மண்ணுக்குள் நீர் சரிவைப் பின்பற்றும்; பாறைக்குள் பிளவைப் பின்பற்றும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் சுன்னாகம் கிணறுகளுக்குள் எண்ணெய் பரவியதையும், அது தொடர்பில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டதையும் பலரும் அறிவார்கள்; அந்தப் படிப்பினைகளை மலைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே பத்து மீற்றர் தள்ளியுள்ள கிணறு சுத்தமாகவும், நூறு மீற்றர் தள்ளியுள்ள ஊற்று கெட்டும் இருக்கக்கூடும். நான்காவது கிணற்றை நாங்கள் பீலிக்கும் ஷெட்டுக்கும் நடுவில், பாறை வெளியே தெரிந்து பிளவின் கோடு பார்வைக்குப் புலப்பட்ட இடத்தில் இட்டோம். அந்த இடத்தைக் காட்டியவர் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. கோடையிலும் அங்கே மட்டும் தேயிலைச் செடியின் அடியில் ஈரம் காயாது என்று அவர் சொன்னார்.

மூன்றாவது "எதுவும் இல்லை" அந்த ஆண்டின் ஜூன், ஓகஸ்ட் மாத அளவீடுகள். தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெயையும் நீரையும் வேறுபடுத்தி ஒலிக்கும் அளவு நாடாவை நான்கு கிணறுகளிலும் இறக்கினேன். நீருக்குரிய ஒலி மட்டுமே கேட்டது. மிதக்கும் படலம் எதிலும் இல்லை. நான்காவது கிணற்றின் நீரில் மட்டும் பென்சீன் வழிகாட்டு அளவைச் சற்றே தாண்டியிருந்தது. ஒரு முறை எடுத்த மாதிரியில் ஒரு சிறு மீறல் என்று அதைப் பலரும் ஒதுக்கிவிட்டார்கள்.

2024 பெப்ரவரி கடைசியில், மழை ஓய்ந்து நீர்மட்டம் மூன்று மீற்றருக்கு மேல் இறங்கிய பிறகு, அதே நாடாவை அதே கிணற்றில் இறக்கியபோது எண்ணெய்க்குரிய ஒலி எழுந்தது. ஒன்பது சென்ரிமீற்றர் கழித்தே நீருக்குரிய ஒலி வந்தது. கிணற்று நீரை முகந்தெடுக்கும் ஒளி ஊடுருவும் குழாயான பெயிலரை இறக்கி மேலே எடுத்து உரிமையாளரின் கையில் கொடுத்தேன். மேலே பெற்றோலும் கீழே தண்ணீரும் கோடு போட்டதுபோலப் பிரிந்து நின்றன. அவர் அதைப் பிடித்தபடி கீழே லயத்தைப் பார்த்தார், பிறகு பம்பியை நிறுத்தச் சொன்னார்.

மழைக்காலத்தில் அந்தப் பெற்றோல் எங்கும் போயிருக்கவில்லை. நீர்மட்டம் உயரும்போது அது மிதக்கும் எண்ணெயையும் தன்னோடு தூக்கிச் சென்று மண்ணின் துளைகளில் சிக்கவைத்து மூழ்கடித்துவிடும். கிணற்றுக்குள் வந்து சேர அதற்கு வழி இராது. கோடையில் மட்டம் இறங்கும்போது சிக்கியிருந்தது விடுபட்டு வழிந்து கிணற்றில் கூடும். கிணற்றில் தெரியும் தடிப்பு வெளியே மண்ணில் உள்ளதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒன்பது சென்ரிமீற்றர் என்றவுடன் அந்த மலையடியில் ஒன்பது சென்ரிமீற்றர் பெற்றோல் ஏரி இருப்பதாக எவரும் பதற வேண்டியதில்லை. ஆனால் மழையில் மட்டும் அளந்துவிட்டு இல்லை என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. பெப்ரவரி, மார்ச் மாதங்களின் ஓர் அளவீடாவது இல்லாத மலையகக் கண்காணிப்பு அறிக்கையை நான் இப்போது முழுமையானதாக ஏற்பதில்லை.

குழாயை மூடி அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது சில நிமிடங்களிலேயே அழுத்தம் இறங்கியது. பம்பிப் பெட்டியின் அடியில், மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு மூட்டு அரித்திருந்தது. அதை மாற்றி, அடியில் ஒழுகினால் தேங்கித் தெரியும் தொட்டி வைக்க ஒரு வாரம் போதுமாயிருந்தது. கெட்ட மண்ணை முழுவதும் தோண்டி அகற்றவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். சரிவின் விளிம்பில், தாங்குசுவரின் அடியிலிருந்து மண்ணை எடுத்தால் அடுத்த மழையில் சுவரும் ஷெட்டும் லயத்தின் மேல் வந்துவிடும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை இல்லாமல் இந்த மாவட்டத்தில் எவரும் அப்படிச் செய்யக்கூடாது. எனவே பம்பிப் பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணை மட்டும் வரட்சிக் காலத்தில் எடுத்துவிட்டு, மிதப்பதைக் கிணற்றிலிருந்து வாராவாரம் இறைத்து, மீதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு விட்டிருக்கிறோம். அவை பெற்றோலை உண்ணும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும். பிறகு மண்ணின் இரும்பு கரைந்து, ஊற்றுவாயில் காற்றுப்பட்டதும் செம்மஞ்சள் சளிபோலப் படியும். பீலிக்கல்லில் அந்தச் சளி படிந்ததை வாடை வருவதற்கு முன்பே கண்டதாக லயத்துப் பெண்கள் பின்னர் சொன்னார்கள். வேறு காரணங்களாலும் அது படியலாம். ஆனாலும் ஷெட்டுக்குக் கீழேயுள்ள ஊற்றில் அது புதிதாகத் தோன்றினால் கவனிக்கவேண்டும்.

மாதிரி எடுக்கும் வேலையில் நான் பட்டு அறிந்தவற்றில் ஒன்றைக் கட்டாயம் எழுதவேண்டும். 2023 ஓகஸ்டில் நாங்கள் கொழும்புக்கு அனுப்பிய மாதிரிகளோடு, திறக்கவே திறக்காத தூய நீர்க் குப்பி ஒன்றும் வழக்கம்போலப் பெட்டியில் போயிற்று. அந்தக் குப்பியிலும் தொலுயீன் இருப்பதாக அறிக்கை வந்தது. காரணம், நாங்கள் அன்று காலையில் ஹட்டனில் வானுக்கு எரிபொருள் நிரப்பியதும், அதே கைகளோடும் அதே வானில் இருந்த ஜெனரேட்டர் எண்ணெய்க் கலனோடும் வேலைக்குப் போனதும்தான். அந்த நாளின் மாதிரிகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு மீண்டும் எடுத்தோம். அன்றிலிருந்து முதல் நாளே எரிபொருள் நிரப்பி, கலனை வேறு வாகனத்தில் ஏற்றி, ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிய கையுறை மாற்றி, சுத்தமான கிணற்றில் தொடங்கிக் கெட்டதில் முடிக்கிறோம். 40 மில்லிலீற்றர்க் கண்ணாடிக் குப்பியை விளிம்பு குவியும்வரை மெதுவாக நிரப்பி மூடி, தலைகீழாகத் திருப்பித் தட்டும்போது ஒரு குமிழிகூட எழக்கூடாது. அமிலம் இட்ட குப்பியானால் அதை வழியவிட்டு அமிலத்தை இழக்கவும் கூடாது. 4 பாகையளவில் பனிக்கட்டியில் வைத்து 14 நாட்களுக்குள் ஆய்வுசெய்யவேண்டும். பெயரெழுதும் நிரந்தர மையிலும் கரைப்பான் உண்டு. பென்சிலால் எழுதிய சீட்டே பாதுகாப்பானது. கிணற்றில் தேங்கிய நீரை அதன் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு இறைத்த பின் மாதிரி எடுப்பது வழக்கம் என்றாலும், மலையகத்தின் சிதைந்த பாறைக் கிணறுகள் பெரும்பாலும் ஒரு மடங்கிலேயே வற்றிவிடும். அப்போது வற்றவிட்டு, நீர் ஊறியதும் அன்றோ மறுநாளோ எடுப்பதைத் தவிர வழியில்லை. எப்படி எடுத்தோம் என்பதை அறிக்கையில் எழுதிவிடவேண்டும்.

லயத்தில் இருப்பவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டியது, அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்காதீர்கள் என்பதுதான். கிருமிக்குக் கொதிக்கவைப்பது சரி; பெற்றோல் கலந்த நீரைக் கொதிக்கவைத்தால் பென்சீன் ஆவியாகி, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் பிள்ளைகளின் மூச்சில் போய்ச் சேரும். என் பெரியம்மா வாடை போகட்டும் என்று இரண்டு தரம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் பசையைக் குற்றம் சொல்லி அழைப்பை முடித்த அந்த மூன்று வாரங்களும் அப்படித்தான் நடந்திருக்கின்றன என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. மாற்று ஊற்றிலிருந்து குழாய் போடும்வரை பவுசரில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அது வராத நாட்களில் மேட்டு லயத்துப் பீலியிலிருந்து தூக்கினார்கள்.

வாடையைப் பற்றி முறைப்பாடு செய்ய நினைப்பவர்கள் ஒரு கொப்பியில் திகதி, மழை பெய்ததா, வாடை கடுமையா இலேசா, பீலியில் ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆயிற்று என்ற நான்கையும் எழுதிவந்தால் அது எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. பெரியம்மாவின் பேத்தி 2022 மே முதல் எழுதிவைத்த கொப்பியில், வாளி நிரம்ப அதிக நேரம் எடுத்த நாட்களிலெல்லாம் வாடை கடுமை என்று இருந்தது. ஊற்று மெலியும்போது மண்ணிலிருந்து வரும் மழைநீர் குறைந்து, பாறைப் பிளவின் நீரே மிஞ்சுகிறது என்பதை அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பி, எங்கள் நான்காவது கிணற்றுக்கு ஓராண்டு முன்பே சொல்லியிருந்தது. பிரதேச செயலகக் கூட்டத்தில் அந்தக் கொப்பியின் பக்கங்களைப் பிரதி எடுத்து எங்கள் அறிக்கையோடு இணைத்தோம்.

2025 மார்ச்சில் நான்காவது கிணற்றில் மிதக்கும் படலம் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருந்தது. பீலியின் நீரில் பென்சீன் வழிகாட்டு அளவைப் போல் இரு மடங்காக இருந்ததால், அது இன்னும் துணி துவைக்கவும்கூட அனுமதிக்கப்படவில்லை. பீலிக்கல்லில் சிவப்பு எழுத்தில் எழுதிய பலகை தொங்குகிறது. வரும் பெப்ரவரியில் மழை விட்டு மூன்று வாரங்கள் ஆனதும் மீண்டும் நாடாவை இறக்குவோம். வாளி நிரம்பும் நேரம் நாற்பது விநாடியைத் தாண்டும் அன்று தகவல் சொல்வதாகப் பேத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.